ஆற்றங்கரைக்குப் போகலாம் வா, கண்ணா!

லீவு நாள் வந்துவிட்டால் பிள்ளைகளைச் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது, இல்லையா? காலையில் எழுந்ததும் டி.வி., அது அலுத்தால் அப்பாவின் செல்போன், அதைப் பிடுங்கினால் அழுகை. ‘எங்கேயாவது கூட்டிட்டுப் போங்களேன்’ என்று மனைவி சொல்ல, கணவர் யோசித்து யோசித்துக் கடைசியில் ஏ.சி. போட்ட கடைவீதிக்கோ ஓட்டலுக்கோ வண்டியை விடுகிறார். ஐந்நூறு, ஆயிரம் செலவு. பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வந்ததும் மறுபடியும் அதே செல்போன்!

இதற்கு ஒரு நல்ல மாற்று இருக்கிறது. செலவு அதிகமில்லை. ஆனால் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். ஆற்றங்கரையையும், அதை ஒட்டிய இயற்கைப் பூங்காவையும் ஒரு காலை வேளையில் பிள்ளைகளுடன் நடந்து பார்ப்பதுதான் அது.

‘அட, மூணு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆத்தங்கரைக்கா? தண்ணியில விழுந்து வெச்சா?’ என்கிறீர்களா? உங்கள் பயம் நியாயமானது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. என்ன நன்மை, எங்கே போவது, எதைக் காட்டுவது, எதில் ஜாக்கிரதையாக இருப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கண்ணுக்கு நல்லது!

நடந்தால் காலுக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே போனால் கண்ணுக்கு நல்லது என்பது பலருக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே கண்ணாடி போட்டுக்கொண்டு வருவதைப் பார்க்கிறோம். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வைதான் பெரும்பாலும் காரணம். அப்பா, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் பரம்பரை மட்டுமே காரணமில்லை. நாள் முழுக்க நான்கு சுவருக்குள் இருப்பதும் ஒரு காரணம்.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்க வைத்தார்கள். மற்ற பள்ளிகளில் வழக்கம்போல விட்டுவிட்டார்கள். மூன்று வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால், வெளியில் போன பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. போகாதவர்களில் சுமார் 40 சதவீதம்! 2015-ல் வெளியான இந்த முடிவைக் கண் டாக்டர்கள் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். தைவான் நாட்டில் 2010-லிருந்தே பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்கவேண்டும் என்று ஒரு திட்டமே நடத்துகிறார்கள்.

காரணம் வெளிச்சம்தான். நம் வீட்டுக் கூடத்தில் ட்யூப்லைட் போட்டால் சில நூறு லக்ஸ் வெளிச்சம் கிடைக்கும். வெளியில் மர நிழலில் நின்றால்கூடப் பல ஆயிரம் லக்ஸ். இந்த அதிக வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது, அது கண் பந்து அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். ஆகவே, பிள்ளையை மொட்டை வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை. நிழல் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஏற்கெனவே வந்துவிட்ட கிட்டப்பார்வை வெளியில் நடந்தால் போய்விடாது. கண்ணாடி போடச் சொன்னால் போடத்தான் வேண்டும். வராமல் தடுப்பதற்குத்தான் இந்த வைத்தியம்.

அடுத்தது ஓட்டமும் நடையும். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் குறைந்தது 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இரண்டிலிருந்து நான்கு வயதுக்கு டி.வி., செல்போன் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்கு அதுவும் வேண்டாம் என்றது. மேடு, பள்ளம், மணல், வேர் என்று சமமில்லாத தரையில் நடக்கும்போது பிள்ளைக்குக் கால் பலமும், விழாமல் சமாளிக்கும் பழக்கமும் சேர்ந்தே வருகின்றன. மொசைக் தரையில் இது கிடைக்காது.

எங்கே போகலாம்?

நம் மாநிலத்தில் ஆற்றங்கரையும் இயற்கைப் பூங்காவும் கைகோத்து நிற்கிற இடம் என்றால் திருச்சிதான்.

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. அகண்டு வரும் காவிரி இங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். கிழக்கே கல்லணை, கரிகாலன் பெயர் சொல்லும் அணை. முக்கொம்பில் உள்ள மேலணை 1830-களில் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டியது. அதில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது, 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. பிறகு புதிய கதவணை கட்டினார்கள். ‘இவ்வளவு பெரிய மதகையே தண்ணீர் தள்ளிவிட்டதா?’ என்று பெரிய பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். தண்ணீருக்கு எவ்வளவு பலம் என்று புரிய வைக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இந்தக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள். பரப்பு சுமார் 25 ஏக்கர். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகளை இங்கே பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். பூச்சிகளுக்கான உள்ளரங்கம், முட்டையிலிருந்து வளர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம், இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் உரிய மரங்கள் வைத்த நட்சத்திர வனம் எல்லாம் உண்டு. பாட்டிக்கு நட்சத்திர மரம், பேரனுக்குப் பட்டாம்பூச்சி. குடும்பத்தோடு போக ஏற்ற இடம்தானே?

பூங்கா நேரம், வாராந்திர விடுமுறை, கட்டணம் இவற்றைக் கிளம்புவதற்கு முன்பு விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கேட்டின் முன்னால் நிற்கும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது லேசில்லை!

எப்போது போகலாம்?

மழை பெய்து செடிகள் துளிர்த்த பிறகுதான் வண்ணத்துப்பூச்சிகள் பெருகும். ஐப்பசி மழை ஓய்ந்து, மார்கழி, தை, மாசி மாதங்கள் பிள்ளைகளுக்கு இதமானவை. சித்திரை, வைகாசியில் திருச்சி வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். பெரியவர்களே தாங்கமாட்டோம், குழந்தைகள் எப்படித் தாங்கும்?

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். இதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம். பூச்சிகளுக்கு நம்மைப்போல உடம்பில் நிலையான சூடு கிடையாது. காலை வெயிலில் இறக்கையை விரித்துச் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் பறக்கும். விடிந்ததும் போனால் ஒன்றையும் காணோம் என்பீர்கள். நடுப்பகலில் போனால் பிள்ளை சுருண்டு விழும்.

ஆற்றைப் பொறுத்தவரை இன்னொரு கணக்கு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே ஆகும். அணையில் கூடுதலாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், அந்த வாரம் ஆற்றுப் பக்கமே போகாதீர்கள். பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் மாலையில் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் கூட்டம் நெரியும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு வருவதே உத்தமம்.

எதைக் காட்டுவது?

‘பாரு, பட்டாம்பூச்சி!’ என்று விரலை நீட்டினால் போதாது. பிள்ளை ஒரு நிமிடம் பார்க்கும், அப்புறம் ஐஸ்க்ரீம் கேட்கும். ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள்.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையிடம், ‘மஞ்சள் கலரில் ஒண்ணு கண்டுபிடி, சொரசொரன்னு ஒண்ணு தொட்டுக் காட்டு’ என்று சொல்லுங்கள். மருத மரத்தின் பட்டை வழுவழுப்பாக வெளுத்திருக்கும். பக்கத்து வேம்பின் பட்டை சொரசொரப்பு. இரண்டையும் தடவிப் பார்ப்பதே அந்த வயதுக்குப் பெரிய விளையாட்டு.

நான்கு, ஐந்து வயதானால் தேடச் சொல்லலாம். எருக்கஞ்செடி இலையைப் பார்த்தால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு ஒன்று மேய்ந்துகொண்டிருக்கும். அது வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. எருக்கம்பாலில் உள்ள விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் இதைத் தொடுவதில்லை. ஒருமுறை கொத்திக் கசந்து துப்பிய பறவை மறுமுறை வராது!

ஒவ்வொரு வகை வண்ணத்துப்பூச்சிக்கும் ஒவ்வொரு செடி. ஆமணக்கில் முட்டையிடுவது ஒன்று, கொன்றையில் முட்டையிடுவது வேறொன்று, ஆடுதீண்டாப்பாளையைத் தேடிப்போவது மற்றொன்று. தாய்ப் பூச்சி இலையில் வந்து உட்கார்ந்து காலால் ருசி பார்க்கும். ‘காலாலயா?’ என்று பிள்ளை கேட்கும். ஆமாம், அதற்குக் காலிலும் ருசி தெரியும். இதுதான் தன் பிள்ளை சாப்பிடும் இலை என்று தெரிந்துகொண்ட பிறகே முட்டையிடும். சாப்பாட்டு விஷயத்தில் எல்லா அம்மாக்களும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆற்றோரம் ஈர மணலில் வண்ணத்துப்பூச்சிகள் கும்பலாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் விரட்டாதீர்கள். மணலில் உள்ள உப்புச் சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. பூவில் தேன் கிடைக்கும், உப்பு கிடைக்காதே!

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பறவைகள் பிடிக்கும். கரையோரம் அசையாமல் ஒரு மண்நிறக் கொக்கு நிற்கும். நாம் பக்கத்தில் போகிற வரைக்கும் அப்படியே நிற்பதால் இதற்குக் குருட்டுக்கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண் நன்றாகவே தெரியும். மிக அருகில் போனதும் சட்டென்று எழும்பும். அப்போது பாருங்கள், மண்நிறம் போய் வெள்ளை இறக்கை விரியும்! பழுப்புத் தலையும் வெள்ளை மார்பும் நீல முதுகுமாகக் கம்பியில் உட்கார்ந்திருப்பது மீன்கொத்தி. தண்ணீரில் முங்கி எழுந்து, கல்லில் நின்று இறக்கையை விரித்துக் காயவைப்பது நீர்க்காகம்.

ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். கொக்கு கோழி மாதிரி இருந்தாலும் சிரிக்காதீர்கள். பூச்சியைப் பிடிக்கவும் வேண்டாம். இறக்கையில் உள்ள பொடி போன்ற செதில்கள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாவம், அதற்குத் திரும்ப முளைக்காது.

எவ்வளவு நேரம்? சின்னப் பிள்ளைக்கு மொத்தம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போதும். அதிலும் கால் மணிக்கு ஒருமுறை உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று இழுத்துக்கொண்டு போனால் திரும்பும்போது இடுப்பில் சுமப்பது நீங்கள்தான்.

தண்ணீர்: இதைக் கட்டாயம் படியுங்கள்!

2021-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

சினிமாவில் வருவதுபோல் மூழ்குகிறவர் கையை ஆட்டி ‘காப்பாத்துங்க’ என்று கத்துவதில்லை. வாய்க்குள் தண்ணீர் போகும்போது சத்தம் எங்கிருந்து வரும்? சின்னக் குழந்தை சத்தமே இல்லாமல், ஓரிரு நிமிடத்தில், முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில் மூழ்கிவிடும். நீங்கள் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து, அதைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

ஆகவே, கரைக்குப் போகும்போது இந்த நான்கும் கட்டாயம்:

ஒன்று: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கு எட்டும் தூரம் போதாது.

இரண்டு: பத்துப் பேர் சேர்ந்து போனால் ஆளாளுக்கு ‘அவங்க பாத்துக்குவாங்க’ என்று இருந்துவிடுவார்கள். அதனால் ‘இந்த அரை மணி சித்தப்பா பார்த்துக்கொள்வார், அடுத்த அரை மணி அத்தை’ என்று பேர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். பொறுப்பில் இருப்பவர் கையில் செல்போன் இருக்கக்கூடாது.

மூன்று: மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு மேலே தெரியாது. ஓரடி ஆழம் என்று கால் வைத்த இடத்துக்கு அடுத்த அடியில் ஆள் ஆழம் இருக்கும். நீச்சல் தெரிந்த பெரியவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள். படித்துறைகளில் பாசி வழுக்கும். மதகு, கதவணை அருகே எக்காரணம் கொண்டும் இறங்கக்கூடாது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதற்கு மரியாதை கொடுங்கள்.

நான்கு: காற்றடித்த ட்யூப், பந்து இவற்றை நம்பி விடாதீர்கள். அவை விளையாட்டுச் சாமான்களே தவிர, உயிர் காப்பவை அல்ல.

ஒருவர் மூழ்குவதைப் பார்த்தால், நீச்சல் தெரியாதவர் பின்னாலேயே குதிப்பது மிகப் பெரிய தப்பு. ஒரு உயிருக்கு இரண்டு உயிர் போகும். கூச்சல் போட்டு ஆள் சேருங்கள். கரையில் படுத்துக்கொண்டு கம்பு, வேட்டி, புடவை, துப்பட்டா எது கிடைத்தாலும் நீட்டுங்கள். காலிக் குடம், மூடிய காலி பாட்டில் என மிதப்பதை வீசுங்கள்.

கரைக்குக் கொண்டுவந்ததும் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள். வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் போய் நிலைமை மோசமாகும். பொன்னான நேரமும் வீண். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சு ஊதுங்கள். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அமுக்கி, 2 முறை ஊதி, இப்படியே மாறி மாறிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-க்கு போன் செய்யட்டும். மூச்சு திரும்பி, பிள்ளை பேசினாலும்கூட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை தரும்.

படித்துச் செய்வதைவிட, இந்த முதலுதவியை ஒருமுறை பயிற்சி வகுப்பில் நேரில் கற்றுக்கொள்வது மிக நல்லது.

செடியில் ஜாக்கிரதை!

வண்ணத்துப்பூச்சிக்குப் பிடித்த செடிகளில் சில நமக்கு ஆகாதவை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் முதலில் வலிகூட அதிகம் தெரியாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் பார்வை மங்கிவிடும். உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவுங்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது வேண்டாம்.

அரளியில் இலை, பூ, காய், வேர் எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். ஊமத்தங்காய், ஆமணக்கு விதை, சிவப்பும் கறுப்புமாக மின்னும் குன்றிமணி இவையும் அப்படித்தான். ‘அழகா இருக்கே’ என்று பிள்ளை வாயில் போட்டுக் கடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு, எந்தச் செடி என்று ஒரு கொத்தையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘கேக்காம எதையும் வாயில வைக்கக்கூடாது’ என்பதை வண்டியில் போகும்போதே நாலு தடவை சொல்லி வையுங்கள்.

கடி, கொட்டு வந்தால்...

கம்பளிப்பூச்சி பட்டுவிட்டால் தேய்க்கக்கூடாது. ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி இழுத்தால் முடிகள் வந்துவிடும். பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

தேனீ கொட்டினால் கொடுக்கைச் சீக்கிரம் எடுத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். உதடு, முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு இழுப்பது, மயங்கி விழுவது இவற்றில் எது இருந்தாலும் அது ஒவ்வாமை. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புதர் ஓரம், நாணல் காடு, கல் இடுக்கு இவற்றில் பாம்பு இருக்கலாம். செருப்பை விட ஷூ நல்லது. பாதையை விட்டு இறங்க வேண்டாம். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. பிள்ளையை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். விஷமுறிவு ஊசிதான் மருந்து, மந்திரம் அல்ல.

கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், அணைக்கரைப் பக்கம், முதலைகள் உண்டு. உள்ளூர்க்காரர்கள் ‘இங்க இறங்காதீங்க’ என்று சொன்னால் வாதம் பண்ணாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

* கொதித்து ஆறிய தண்ணீர், ஆளுக்கு ஒரு பாட்டில். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்க வேண்டாம்.
* ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. அது இல்லாத அவசரத்துக்கு, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக்கூடாது.
* இட்லி, புளிசாதம், வாழைப்பழம். தயிர்சாதம்தான் வேண்டுமென்றால் குழைந்த சாதத்தில் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு ஸ்பூன் மட்டும் கலந்து எடுத்துப் போங்கள். சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் சரியாக இருக்கும்.
* சோப்பு. மண்ணும் சேறும் பட்ட கைக்கு சானிடைசர் மட்டும் போதாது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.
* தொப்பி, முழுக்கை பருத்திச் சட்டை, மாற்று உடை இரண்டு செட், துண்டு.
* பஞ்சு, பேண்டேஜ், காயத்துக்கு மருந்து, ஒட்டும் டேப்.
* வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் கட்டாயம்.
* குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு காலிப் பை.

கிளம்பும் முன்பு தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை பாருங்கள். ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போட வேண்டிய முத்தடுப்பு பூஸ்டர் ஊசி போட்டாகிவிட்டதா? மண்ணில் விளையாடும் பிள்ளைக்கு டெட்டனஸ் பாதுகாப்பு அவசியம். காலில் புண், சிராய்ப்பு இருந்தால் மழைக்குப் பிறகு தேங்கி நிற்கும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். எலிக் காய்ச்சல் கிருமி அந்த வழியாக உள்ளே போகும். போய்வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், உடம்புவலி, கண் சிவப்பு வந்தால், ‘ஆற்றுப் பக்கம் போயிருந்தோம்’ என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய உதவி.

மற்ற ஊர்க்காரர்களுக்கு...

சென்னைவாசிகளுக்குக் கிண்டியில் சிறுவர் பூங்கா இருக்கிறது. அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரில் 2011-ல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவும் உண்டு. அனுமதி விதிமுறைகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோவைப் பக்கம் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தை வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டலாம். நெல்லையில் தாமிரபரணிக் கரை முழுக்க மருத மரங்களும் பறவைகளும்தான். உங்கள் ஊரில் இது எதுவுமே இல்லையா? ஒரு ஏரிக்கரை, ஒரு கோயில் குளம், ஒரு வாய்க்கால் வரப்பு இருக்குமே! குருட்டுக்கொக்கு அங்கேயும் நிற்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

போய்வந்த அன்றைக்கு ராத்திரி பிள்ளை அடித்துப் போட்டதுபோல் தூங்கும். மறுநாள், ‘மறுபடி எப்போ போறோம்?’ என்று கேட்கும். மாதம் ஒருமுறை முடிந்தால் போங்கள். முடியாத வாரங்களுக்கு ஒரு யோசனை.

மொட்டை மாடியிலோ வாசலிலோ ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வையுங்கள். மருந்து அடிக்காதீர்கள். கறுப்பு இறக்கையுள்ள பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று தேடிக்கொண்டு வந்து இலையில் கடுகு மாதிரி முட்டை வைக்கும். சில நாளில் காக்கை எச்சம் போலவே ஒரு புழு தெரியும். பறவையை ஏமாற்ற அந்த வேஷம்! வளர்ந்ததும் பச்சை நிறமாகி, கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் இறக்கை விரித்துப் பறந்துவிடும். தினமும் காலையில் பல் தேய்த்ததும் உங்கள் பிள்ளை அந்தத் தொட்டியிடம்தான் ஓடும். வெளியில் வெளிச்சத்தில் கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வரும்.

ரசம் தாளிக்கக் கொஞ்சம் இலை குறையும். பரவாயில்லை, கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்!